உடம்பு முடியாத பிள்ளையோட வேளாங்கண்ணி போறவங்களுக்கு ஒரு ரிவ்யூ

வேளாங்கண்ணி பத்தி எழுதுறவங்க நிறைய பேர் பீச் எப்படி இருக்கு, ரூம் வாடகை எவ்வளவு, பார்க்கிங் கிடைக்குமா, மீன் வறுவல் எங்க நல்லா இருக்கும்னு தான் எழுதுறாங்க. அதெல்லாம் தேவை தான், ஆனா உடம்பு முடியாத குழந்தையை தோள்ல போட்டுக்கிட்டு மாதாகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்னு வர்ற அப்பா அம்மாவுக்கு அந்த ஊர் எப்படி இருக்கும்னு நான் தேடினப்ப எதுவுமே கிடைக்கல. அதனால தான் இதை எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்கோங்க.

எங்க பையனுக்கு அஞ்சு வயசு. நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம்னு ஒரு கிட்னி நோய். சிறுநீர்ல புரோட்டீன் ஒழுகிப் போயிடும், காலையில எந்திரிக்கிறப்ப கண்ணை சுத்தி வீங்கி இருக்கும், அப்புறம் வயிறு, கால்னு இறங்கும். பெரும்பாலும் ரெண்டுலேருந்து ஆறு வயசுக்குள்ள பிள்ளைங்களுக்கு வர்ற நோய் இது. முதல் தடவை வந்தா 6 வாரம் தினமும் ஸ்டீராய்டு மாத்திரை, அதுக்கப்புறம் 6 வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள். நிறைய பிள்ளைங்களுக்கு மாத்திரை நல்லா கேக்கும், ஆனா நின்னதும் சில பேருக்கு திரும்ப திரும்ப வரும். எங்க பையன் அந்த திரும்ப வர்ற கூட்டத்துல இருக்கான். வீட்டுலயே தினமும் காலையில யூரின்ல ஸ்டிக்கை முக்கிப் பாக்கணும், மஞ்சளா இருந்தா நிம்மதி, பச்சையா மாறினா எவ்வளவு பச்சைனு டப்பா மேல இருக்குற கலரோட ஒத்துப் பாத்து டைரில எழுதணும், மூணு நாள் தொடர்ந்து மூணு பிளஸ், அதாவது புரோட்டீன் நிறைய போகுதுனு வந்தா டாக்டருக்கு போன். அந்த ஸ்டிக் நிறம் மாறுற நேரத்துல எனக்கு வாயில வர்ற ஒரே செபம் அருள் நிறைந்த மரியே தான், அதுவும் பாதிலயே நின்னுடும்.

இந்த வியாதி இருக்குற வீட்டுல ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. அத்தை மாதாவுக்கு நேர்ந்துக்கிட்டாங்க, பையனோட உயரத்துக்கு மெழுகுவர்த்தி, மொட்டை, ஒரு தென்னங்கன்னு. டாக்டர்கிட்ட கேட்டோம், இப்ப யூரின்ல புரோட்டீன் இல்லனு தான் இருக்கு, தாராளமா கூட்டிட்டு போங்க, ஆனா கூட்டத்துக்குள்ள போகாதீங்கனு சொன்னார். காரணம் இருக்கு. ஸ்டீராய்டு சாப்பிடுற பிள்ளைக்கு எதிர்ப்பு சக்தி கம்மி, பக்கத்துல ஒரு பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தா கூட ஆபத்து. அதனால ஆகஸ்ட் 29 கொடியேத்துறதுலேருந்து செப்டம்பர் 8 மாதா பிறந்தநாள் வரைக்கும் நடக்குற திருவிழாவை நாங்க யோசிக்கவே இல்ல. காவி கட்டிக்கிட்டு நடந்தே வர்ற ஆயிரக்கணக்கான பேரோட அந்த பத்து பதினோரு நாள் பாக்க ரொம்ப அழகா இருக்கும், சின்ன வயசுல பாத்திருக்கேன், ஆனா நோயாளி பிள்ளைக்கு அது நேரம் இல்ல. சனி ஞாயிறும் வேண்டாம். செவ்வாய் புதன் மாதிரி வார நாள்ல போங்க, பேராலயத்துக்குள்ள நிதானமா உக்காந்து மாதா முகத்தை பாக்கலாம், யாரும் தள்ள மாட்டாங்க.

நாங்க திண்டுக்கல்லேருந்து கிளம்பி திருச்சி, தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம் வழியா போனோம். நாகப்பட்டினத்துலேருந்து பத்து பன்னெண்டு கிலோமீட்டர் தான், பஸ் நிறைய இருக்கு, 2010லேருந்து ரயில் பாதையும் இருக்கு. பிள்ளை தூங்கிட்டே வரணும்னா ராத்திரி பயணம் நல்லது, மாத்திரை நேரம் மட்டும் தவறக்கூடாது.

இப்ப முக்கியமான விஷயத்துக்கு வர்றேன். இந்த கோயில் ஆரம்பிச்சதே முடியாத ஒரு பிள்ளையால தான்னு நம்ம வீட்டுல பாட்டிங்க சொல்லி கேட்டிருப்பீங்க. முதல்ல பால் கொண்டு போன பையன், குளத்தங்கரையில ஆலமரத்தடியில ஒரு அம்மா கையில குழந்தையோட வந்து பால் கேட்டாங்க, கொடுத்தான், நாகப்பட்டினத்துல எசமான் வீட்டுக்கு போய் பானையை திறந்தா நிறைஞ்சு வழிஞ்சது. அது மாதா குளம். அடுத்தது நடுத்திட்டு. அங்க ஒரு விதவை அம்மா, நடக்க முடியாத தன் பையனை தினமும் தூக்கிட்டு வந்து மரத்தடியில உக்கார வச்சு மோர் விக்க விடுவாங்க. அவன்கிட்ட தான் மாதா மோர் வாங்கி மகனுக்கு கொடுத்து, நாகப்பட்டினத்துல இருக்குற பணக்காரர்கிட்ட போய் இங்க ஒரு கோயில் கட்டச் சொல்லுனு அனுப்புனாங்க, அவன் எந்திரிச்சு ஓடினான். அப்புறம் தான் புயல்ல மாட்டின போர்ச்சுகீசிய மாலுமிங்க செப்டம்பர் 8ல கரை சேந்து அந்த பணக்காரர் கட்டின கூரைக் கோயிலை கல்லால கட்டுனது எல்லாம். எனக்கு இதுல அந்த விதவை அம்மா தான் மனசுல நிக்கிறாங்க. கதையில அவங்க பேசுற ஒரு வார்த்தை கூட இல்ல, காலையில பிள்ளையை தூக்கிட்டு வந்து உக்கார வச்சுட்டு போறாங்க, சாயங்காலம் வந்து தூக்கிட்டு போறாங்க, அவ்வளவு தான். நோயாளி பிள்ளை வச்சிருக்குற எந்த அம்மாவுக்கும் அந்த தூக்குற வேலை தெரியும். நடுத்திட்டு ஆலயம் சின்னது, நிறைய பேர் பெரிய கோயிலை பாத்துட்டு அப்படியே கடலுக்கு போயிடுறாங்க, நீங்க தயவு செஞ்சு அங்க போய் கொஞ்ச நேரம் உக்காருங்க. எனக்கு அந்த ஊர்லயே அழ முடிஞ்ச இடம் அது தான்.

பேராலயத்துக்கும் மாதா குளத்துக்கும் இடையில மணல் பாதை இருக்கு, ஒரு பக்கம் சிலுவைப்பாதை நிலைகள், இன்னொரு பக்கம் செபமாலை காட்சிகள். முழங்கால் போட்டு போறவங்க இதுல தான் போறாங்க. நாங்க போனப்ப எங்களுக்கு முன்னாடி ஒரு அப்பா, முப்பது வயசு இருக்கும், பேண்ட்டை முழங்கால் வரை மடிச்சுக்கிட்டு போயிட்டு இருந்தார், அவர் பொண்ணு நாலு வயசு போல, முன்னாடி நடந்து போய் திரும்பி நின்னு அவர் வர்றதுக்கு காத்திருக்கு, அவர் பக்கத்துல வந்ததும் மறுபடி நாலு அடி நடக்குது. அந்த பொண்ணு காதுக்கு பின்னாடி காது கேக்குற மெஷின் மாட்டியிருந்துச்சு. யாரும் எதுவும் பேசல. வெயில் ஏறினா மணல் பயங்கரமா கொதிக்கும், விடிகாலையில போங்க, இல்லேன்னா சூரியன் இறங்கின பிறகு. என் வீட்டுக்காரர் பாதி தூரம் போனார், முழங்கால் தோல் உரிஞ்சு போச்சு, நான் போதும்னு சொல்லி எந்திரிக்க வச்சேன். முழுசா போனா தான் மாதா கேப்பாங்கனு எங்கயும் எழுதி வைக்கல.

கடைங்க பத்தி சொல்லணும். மெழுகுவர்த்தி, பூமாலை, தென்னங்கன்னு, சின்ன தொட்டில், உருவத் தகடு எல்லாம் வரிசையா விக்கிறாங்க. உருவத் தகடுனா மெல்லிசா வெள்ளி மாதிரி பளபளக்குற தகட்டுல கண்ணு, கை, கால், இதயம், வீடு, குழந்தைனு அச்சு அடிச்சிருப்பாங்க, எது சரியாகணுமோ அதை வாங்கி காணிக்கையா போடுறது. நான் கேட்ட கடையில கிட்னி இல்ல. கடைக்கார அம்மா டப்பா முழுக்க கொட்டி தேடிட்டு, கொஞ்ச நேரம் யோசிச்சுட்டு, "முழு பிள்ளையாவே வாங்கிக்கோ தாயி, உள்ள இருக்குறது எல்லாம் அதுல அடங்கிரும்ல"னு சொன்னாங்க. அதையே வாங்கினேன். அவங்க நியாயமான விலை தான் சொன்னாங்க. ஆனா எல்லாரும் அப்படி இல்ல, இன்னொரு இடத்துல பையன் உயரத்துக்கு மெழுகுவர்த்தி கேட்டப்ப, குழந்தைக்கு உடம்பு சரியில்லனு நாங்க சொன்ன உடனே விலை ஏறிச்சு, மாதாவுக்கு பேரம் பேசுவீங்களானு ஒரு வார்த்தை வேற. அந்த வார்த்தைக்கு பயந்து தான் எல்லாரும் கொடுத்துட்டு போறாங்க. நேர்ச்சை வாங்க போறப்ப பிள்ளையை ஒருத்தர் பாத்துக்கட்டும், ஒருத்தர் மட்டும் போய் விலை கேளுங்க, நோயை பத்தி சொல்லவே சொல்லாதீங்க. மாதாவுக்கு தெரியும், கடைக்காரருக்கு தெரிய வேண்டியதில்ல.

மாதா குளத்து தண்ணியும் எண்ணெயும் எல்லாரும் பாட்டில்ல கொண்டு போவாங்க. எங்க பையனுக்கு காய்ச்சி ஆறின தண்ணி தான்னு டாக்டர் கண்டிப்பா சொல்லியிருக்காங்க, அதனால அந்த தண்ணியை நெத்தியில சிலுவை போட்டு விட்டோம், வயித்துல தடவினோம், குடிக்க கொடுக்கல. பக்கத்துல இருந்த ஒரு அக்காவுக்கு அது பிடிக்கல, ஒரு வாய் கொடும்மானு வற்புறுத்தினாங்க. நல்ல மனசோட தான் சொன்னாங்க. ஆனா நெத்தியில பட்டா கேக்காத மாதா தொண்டையில இறங்கினா மட்டும் கேப்பாங்கனு எனக்கு தோணல.

காணிக்கைப் பொருட்களை எல்லாம் வச்சிருக்குற காட்சியகத்துக்கு கண்டிப்பா போங்க. தங்கத்துலயும் வெள்ளியிலயும் இதயம், தொட்டில், ஸ்டெதஸ்கோப், தாலி, அப்புறம் நன்றி சொல்லி எழுதின கடிதங்கள். இந்துக்கள், முஸ்லிம்கள் கொடுத்ததும் நிறைய. நாகூர் தர்காவும் பக்கத்துலயே இருக்குறதால பிள்ளைக்கு முடியலன்னா ரெண்டு இடத்துக்கும் போயிட்டு வர்ற குடும்பங்கள் அந்த பக்கம் சாதாரணம். 2024 ஆகஸ்ட்ல வத்திக்கான்லேருந்து தஞ்சாவூர் ஆயருக்கு வந்த கடிதத்துல கூட இங்க வர்ற மத்த மதத்துக்காரங்களை பத்தி நல்லவிதமா தான் சொல்லியிருந்தாங்க. காட்சியகத்துல ஒவ்வொண்ணா பாத்துட்டு வர்றப்ப முதல்ல ரொம்ப தெம்பா இருந்துச்சு, இத்தனை பேருக்கு கேட்டிருக்காங்க, நமக்கு கேக்க மாட்டாங்களானு. அப்புறம் ஒரு நெருடல். கேட்டும் கிடைக்காதவங்க இங்க என்னத்தை கொண்டு வந்து வைப்பாங்க? அவங்க கடிதம் எங்க?

அதை நான் வெளிய வந்து படியில உக்காந்திருந்தப்ப பக்கத்துல இருந்த ஒரு மலையாளத்து அம்மாகிட்ட, பேச்சு வாக்குல சொல்லிட்டேன். அவங்க பொண்ணு ஒன்பது வயசுல ரத்தப் புற்றுநோய்ல இறந்துட்டாளாம். குழந்தை இருந்தப்ப வருஷா வருஷம் வந்தவங்க, இப்பவும் வர்றாங்க. ஏன்னு கேக்க எனக்கு வாய் வரல, அவங்களே சொன்னாங்க, ஊர்ல நான் அவ பேரை எடுத்தா எல்லாரும் பேச்சை மாத்துறாங்க, இங்க வந்து அவளை பத்தி எவ்வளவு நேரம் பேசினாலும் மாதா கேட்டுட்டு இருக்காங்கனு. 2004 டிசம்பர் 26 ஞாயித்துக்கிழமை இதே ஊர் கடற்கரையில சுனாமில நூத்துக்கணக்கான பேர் செத்தாங்க, அதுல வேண்டுதலுக்கு வந்தவங்க தான் நிறைய, பிள்ளைங்களும் இருந்தாங்க. கோயில் தப்பிச்சதை மட்டும் அற்புதம்னு சொல்றவங்க அந்த குடும்பங்களையும் நினைக்கணும்னு எனக்கு ரொம்ப நாளா மனசுல இருக்கு.

மறுநாள் காலை பூசை முடிஞ்சு ஒரு ஃபாதர்கிட்ட பையனை மந்திரிக்க கூட்டிட்டு போனோம். தலையில கை வச்சு நிதானமா செபிச்சார், அவசரமே படல. அப்புறம் என்ன மாத்திரை சாப்பிடுறான்னு கேட்டார். சொன்னேன். "அதை ஒருநாளும் விட்டுடாதம்மா, சீராக் புத்தகம் 38ஆம் அதிகாரத்தை வீட்டுல போய் படி"னு சொன்னார். ரூமுக்கு வந்ததும் எடுத்து படிச்சேன். மருத்துவரை மதிச்சு நட, மண்ணுலேருந்து மருந்தை உண்டாக்குனதே ஆண்டவர் தான், புத்தி உள்ளவன் அதை தள்ள மாட்டான், நோய் வந்தா அசட்டையா இருக்காம ஆண்டவர்கிட்ட மன்றாடு, அப்புறம் மருத்துவருக்கும் இடம் கொடுனு வருது. நம்ம கத்தோலிக்க பைபிள்ல இருக்குற புத்தகம் இது, இவ்வளவு நாள் என் கண்ணுல படவே இல்ல. எனக்கு அந்த பயணத்துல கிடைச்சதுல பெரிய விஷயம் இது தான்னு சொல்லுவேன், மெழுகுவர்த்தியை விட, மொட்டையை விட.

ஏன் சொல்றேன்னா, எங்க ஊர்ல ஒரு குணமளிக்கும் கூட்டத்துல, பேர் சொல்ல விரும்பல, என்கிட்ட நேராவே சொன்னாங்க, விசுவாசம் இருந்தா மாத்திரை எதுக்கு, மாத்திரையை நிறுத்துறது தான் விசுவாசத்தோட அடையாளம்னு. நான் நிறுத்தல. ஸ்டீராய்டை திடீர்னு நிறுத்தினா உடம்பு தானா சுரக்க வேண்டியது சுரக்காம பிரஷர் இறங்கி பிள்ளை உயிருக்கே ஆபத்து, கொஞ்சம் கொஞ்சமா தான் குறைக்கணும், அதுவும் டாக்டர் சொல்லி. அந்த மேடையில நிக்கிறவங்களுக்கு இது தெரியாது, பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா உன் விசுவாசம் குறைவுனு அம்மா தலையில போட்டுட்டு அடுத்த ஊருக்கு போயிடுவாங்க. மாற்கு 9ஆம் அதிகாரத்துல வலிப்பு வர்ற பையனோட அப்பா வர்றார் இல்ல, நம்புறேன் ஆனா என் நம்பிக்கை பத்தல, நீரே உதவி பண்ணும்னு இயேசுகிட்ட கதறுறார். இயேசு அவரை போய் முழு நம்பிக்கையோட வானு திருப்பி அனுப்பல, அந்த அரைகுறை நம்பிக்கையை வாங்கிக்கிட்டு தான் பிள்ளையை எழுப்பி விட்டார். எங்களை மாதிரி அப்பா அம்மாவுக்கு இருக்குறதே அந்த அரைகுறை தான்.

வேளாங்கண்ணியை கிழக்கின் லூர்துனு சொல்றாங்க. அந்த பிரான்ஸ் நாட்டு லூர்துலயே 1883லேருந்து டாக்டர்களை வச்சு, குணமாயிட்டேன்னு சொல்றவங்களை பரிசோதிக்குறாங்க, கோடிக்கணக்கான பேர் போன இடத்துல திருச்சபை அதிகாரப்பூர்வமா அற்புதம்னு ஏத்துக்கிட்டது எழுபது சொச்சம் தான். திருச்சபையே இவ்வளவு நிதானமா இருக்கு. வேளாங்கண்ணி பேராலயத்துல நான் இருந்த வரைக்கும் எந்த ஃபாதரும் எந்த சிஸ்டரும் உன் பிள்ளைக்கு சரியாயிடும்னு வாக்கு கொடுக்கல, செபிக்கிறோம்னு தான் சொன்னாங்க. எனக்கு அது போதுமா இருந்துச்சு. எங்க பையனுக்கு போயிட்டு வந்த பிறகும் ஒருதடவை நோய் திரும்ப வந்துச்சு, மறுபடி முழு டோஸ், மறுபடி முகம் உப்பி, ராத்திரி பசிக்குதுனு அழுகை. அப்ப பக்கத்து வீட்டுல ஒருத்தங்க, அவ்வளவு தூரம் போய் மொட்டை போட்டீங்களே என்ன ஆச்சுனு கேட்டாங்க. கேக்கட்டும். நான் மறுபடியும் போவேன்.

சாப்பாடு தான் கஷ்டம். வீக்கம் இருக்குறப்ப உப்பு குறைக்கணும், அங்க பீச் ரோடு முழுக்க மசாலா தடவின மீன், அப்பளம், ஊறுகாய் தான் கண்ணுல படும், பிள்ளை கேட்டு அடம் பிடிக்கும். நாங்க சின்ன ரைஸ் குக்கர் கொண்டு போனோம், குழைவா சோறு, உப்பில்லாம பருப்பு, வெளியில வாங்கினது வாழைப்பழமும் ஆவி பறக்குற இட்லியும் மட்டும் தான், அதுவும் வீக்கம் இல்லாத நாள்ங்கறதால. ரூம் எடுக்குறப்ப குக்கர் போட விடுவாங்களானு முதல்லயே கேளுங்க. பேராலயம் நடத்துற விடுதிகள் வாடகை கம்மி, சுத்தமாவும் இருந்துச்சு, முன்னாடியே பதிவு பண்ணிட்டா நல்லது. முதல் ராத்திரி இடம் கிடைக்காம தங்கின ஒரு தனியார் லாட்ஜ்ல பெட்ஷீட் கூட மாத்தல, சுடுதண்ணிக்கு தனி காசு. சொந்த போர்வை, தலையணை உறை கொண்டு போங்க, நோயாளி பிள்ளைக்கு அது அவசியம்.

மொட்டை போடுற இடத்துல புது பிளேடு தானானு கண் முன்னாடி பிரிக்கச் சொல்லுங்க, கேட்டா யாரும் கோவிச்சுக்கல. தலையில கீறல் விழுந்தா ஸ்டீராய்டு சாப்பிடுற பிள்ளைக்கு ஆற நாளாகும்.

வீல் சேர்ல வர்ற பிள்ளைங்களுக்கு பேராலயத்துக்குள்ள போறதுல சிரமம் தெரியல, மணல் பாதையில சக்கரம் புதையும், ஓரமா இருக்குற கெட்டித் தரையில தள்ளிட்டு போகலாம். பூசை தமிழ்ல மட்டும் இல்ல, மலையாளம், தெலுங்கு, இங்கிலீஷ்லயும் நடக்குது, நேரத்தை போன உடனே போர்டுல பாத்து வச்சுக்கோங்க. பிள்ளை பேர்ல பூசைக்கு கொடுக்கணும்னா அதுக்கு தனி கவுண்டர் இருக்கு, ரசீது வாங்கிக்கோங்க, வெளிய நின்னுக்கிட்டு நான் கொடுத்து விடுறேன்னு சொல்றவங்ககிட்ட கொடுக்காதீங்க. அவசரம்னா நாகப்பட்டினத்துல அரசு மருத்துவமனை இருக்கு, 108 கூப்பிடலாம். கடைசியா பாத்த டாக்டர் சீட்டு, யூரின் டைரி, மாத்திரை மூணையும் பெரிய பையில போட்டு மேல ஏத்திடாதீங்க, பிள்ளையை வச்சிருக்குறவங்க கைப்பையிலயே இருக்கட்டும்.